பவர் சப்ளை பார்க்கும் படலம்

கங்கைகொண்ட சோழபுரத்தில் அத்தனை பெரிய கோயிலை எழுப்பியவர்கள்கூட ஒரு கல்லை இத்தனை முறை தட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். தீர விசாரித்துச் செய்யப்பட்ட காரியம் என்று மனித குல வரலாற்றில் ஒன்று உண்டானால், அது பெரம்பலூர் அய்யம்பெருமாள் தன் மகள் சிவரஞ்சனியின் கல்யாணத்துக்காகப் பவர் சப்ளை பார்த்ததுதான். மாப்பிள்ளை பார்த்ததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அய்யம்பெருமாள் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குண்டூசி வாங்குவதானாலும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டு, மூன்றையும் சந்தேகப்பட்டு, நான்காவது கடையில் வாங்குவார். அவர் பணியில் இருந்த காலம் முழுவதும் தணிக்கையில் ஒரு ஆட்சேபணை வந்ததில்லை. அந்தப் பெருமை ஓய்வூதியத்தோடு சேர்ந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை ராஜராஜன் அரியலூர். அவருடைய தாய்மாமன் அய்யாக்கண்ணுதான் பேச்சுவார்த்தைக்கு வந்தவர். மிகுந்த கொள்கைப் பிடிப்புள்ள குடும்பம் என்பதை அவர் முதலிலேயே தெளிவுபடுத்தினார்.

“நாங்க வரதட்சணை வாங்கற குடும்பம் இல்லைங்க. அது பாவம். மாப்பிள்ளை தொழிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் மட்டும் சீர்வரிசையோட வெச்சுருங்க. மத்த சாமானெல்லாம் எது எதுன்னு அவரே சொல்லிடுவாரு. பவர் சப்ளை மட்டும் நீங்களா பாத்து, தங்கத் தரத்துல வாங்கச் சொன்னாரு.”

விவரம் தெரியாதவர்களுக்காக: பவர் சப்ளை என்பது கம்ப்யூட்டருக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி மற்ற பாகங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் தகரப் பெட்டி. வாங்குவதில் எவ்வளவை வீணாக்காமல் கொடுக்கிறதோ அதுதான் அதன் திறன். மிச்சம் வெறும் சூடாகப் போய்விடும். திறனுக்குத் தக்கபடி வெண்கலம், வெள்ளி, தங்கம், டைட்டானியம் என்று பட்டங்கள் உண்டு. இதைக் கேள்விப்பட்ட சிவரஞ்சனியின் அம்மா சம்பூர்ணம், “தங்கம்னா நகையில கொஞ்சம் குறைச்சுக்கலாமான்னு கேளுங்க” என்றாள். கேட்கப்பட்டது. ‘அது வேற தங்கம், இது வேற தங்கம்’ என்று அரியலூரிலிருந்து தெளிவுரை வந்தது.

அன்று முதல் அய்யம்பெருமாள் வேறு மனிதரானார். விடிந்ததும் போனில் பவர் சப்ளை பற்றிய வீடியோ, சாப்பிடும்போது பவர் சப்ளை, சம்பூர்ணத்துக்குத் தலைவலி என்றால் அவளிடமும் பவர் சப்ளை. பத்திரிகையும் மண்டபமும் போக, மற்ற கல்யாண வேலைகள் எல்லாம் ‘நிலுவையில்’ வைக்கப்பட்டன. பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ராஜேஷ் அவர் வருவதைத் தெருமுனையில் கண்டாலே தண்ணீர் குடித்துக்கொள்வான்.

ஒருநாள் சிவரஞ்சனியும் கூடப் போயிருந்தாள். அவளுக்குச் சின்ன வெங்காய மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிற வேலை.

“தம்பி, வேலை செய்யறப்ப எல்லாமே நல்லாத்தான் இருக்கும்” என்றார் அய்யம்பெருமாள். “சும்மா கெடக்கறப்ப இது எவ்வளவு திங்குது? அதைச் சொல்லுங்க.”

“சார், பெட்டியிலேயே போட்டிருக்கு பாருங்க.”

“பெட்டி மேல அச்சடிச்சதை நம்பி முப்பது வருஷம் நான் வேலை பாக்கல தம்பி. அச்சடிக்கறவனுக்கு என்ன, எதை வேணும்னாலும் அடிப்பான். கரண்டு பட்டுனு போனா எவ்வளவு நேரம் தாங்கும்?”

“கண்ணு சிமிட்டற நேரம்கூட இல்ல சார்.”

“அந்த நேரம் எவ்வளவுன்னுதான் கேக்கறேன்.”

சிவரஞ்சனிக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. மண்டியிலும் அப்படித்தான். மூட்டையின் வாயில் இருக்கிற வெங்காயத்தைப் பார்த்து யாரும் விலை சொல்ல மாட்டார்கள். முழங்கை வரை உள்ளே விட்டு, அடியில் இருப்பதை எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். அப்போதுதான் அவளுக்கு மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு வந்த விவரத் தாள் நினைவுக்கு வந்தது. மேலே பிள்ளையார் படம். கீழே, ‘பி.இ., வீட்டிலிருந்தே கணினிப் பணி, கை நிறைய வருமானம், அமைதியான சுபாவம்’. அதுவும் அச்சடித்ததுதான். அது வந்த அன்று அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தார்.

ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். அதாவது எண்பது சதவீதம். பவர் சப்ளைக்கு எண்பது என்று சொல்லியிருந்தால் அய்யம்பெருமாள் செருப்பை மாட்டிக்கொண்டு கடையை விட்டு இறங்கியிருப்பார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் மெல்ல ஆரம்பித்தாள். “அப்பா, அவரு என்ன வேலை பாக்கறாரு?”

“கம்ப்யூட்டர்லம்மா.”

“கம்ப்யூட்டர்ல என்ன?”

“அதெல்லாம் போய் நோண்டிக் கேட்டா மரியாதையா இருக்காது. சந்தேகப்படற மாதிரி ஆயிரும்.”

“ராஜேஷ் அண்ணனை மட்டும் சந்தேகப்படலாமா?”

“அவன் விக்கறவன். சந்தேகப்பட்டாத்தான் அவனுக்கே மரியாதை” என்று அய்யம்பெருமாள் விளக்கம் அளித்தார். விவகாரம் அத்துடன் முடித்துவைக்கப்பட்டது.

மாப்பிள்ளையிடமே கேட்டுப் பார்க்கலாம் என்றால் அவர் நிச்சயத்துக்குப் பிறகு மூன்றே முறைதான் போன் செய்திருந்தார். இரண்டு முறை, பவர் சப்ளை என்ன ஆயிற்று என்று கேட்க. மூன்றாவது, வேறு யாருக்கோ போட்டது. ‘என்ன வேலை போகுது’ என்று ஒருமுறை அவள் கேட்டபோது, “ப்ராஜெக்ட் போயிட்டிருக்கு” என்றார். என்ன ப்ராஜெக்ட் என்றதற்குச் சற்று யோசித்து, “பெரிய ப்ராஜெக்ட்” என்றார். அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பயமாக இருந்தது. யாரிடம் சொல்வது? அப்பா டைட்டானியத்துக்கும் தங்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வழியாக ஒரு மாடல் இறுதிச் சுற்றுக்கு வந்தது. காத்திருந்து பார்த்த மாப்பிள்ளையே கடைசியில் பெயர் சொல்லிப் பரிந்துரைத்த மாடல். ஏழு வருஷம் வாரண்டி. ஆனாலும் அய்யம்பெருமாளின் மனச்சாட்சி கையெழுத்துப் போட மறுத்தது.

“இதை வாங்கி ஓட்டிப் பாத்தவங்க யாராவது இருக்காங்களா தம்பி? நேர்ல போயி விசாரிக்கணும்.”

“ஒண்ணுதான் சார் வித்தேன். ரெண்டு வருஷம் இருக்கும், ஜயங்கொண்டத்துல இருந்து ஒரு அய்யா வந்து வாங்கிட்டுப் போனாரு. உங்கள மாதிரியே நிறைய கேள்வி கேட்டாரு. அது இப்ப கைமாறி அரியலூர்ல ஒரு போட்டோ ஸ்டூடியோவுல ஓடுது. நான்தான் சர்வீஸுக்குப் போறேன்.”

“நீயும் வா” என்றார் மகளிடம். “உன் வூட்டுல ஓடப் போற பொருளு.”

சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த பஸ்ஸில் அவர்கள் அரியலூர் போய்ச் சேர்ந்தார்கள். அய்யம்பெருமாளின் மஞ்சள் பையில் டார்ச் லைட்டும், சுத்தமான கைக்குட்டையும், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரும் இருந்தன. இறங்கியதும் அய்யாக்கண்ணுவுக்குப் போன் போட்டு, பவர் சப்ளையை ‘நேரடி ஆய்வு’ செய்ய வந்திருப்பதை முறைப்படி தெரிவித்தார். அய்யாக்கண்ணு நெகிழ்ந்து போனார். “உங்கள மாதிரி சம்மந்தி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்ங்க. முடிச்சுட்டு என் வூட்டுக்கு வாங்க, காப்பி சாப்புடலாம்.”

ஸ்டூடியோவின் உரிமையாளர் பானுப்ரியா என்ற பெண்மணி. கல்யாண ஆல்பம் போடுகிறவர். காரணத்தைக் கேட்டுச் சிறிது திகைத்தாலும், உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். அய்யம்பெருமாள் உட்காரவில்லை. மேஜைக்கு அடியில் போய், கம்ப்யூட்டரின் பின்பக்கம் காதை வைத்துக்கொண்டார். பிறகு ஃபேன் காற்றில் தெர்மாமீட்டரைப் பிடித்தார். காய்ச்சல் இல்லை.

“எத்தனை வருஷமா ஓடுதும்மா?” என்று மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“என்கிட்ட ஒண்ணரை வருஷமா இருக்குங்க. கம்ப்யூட்டரா அப்படியே செகண்ட் ஹேண்டுல வாங்குனேன். இதோ, நாலு வூடு தள்ளி. ராஜராஜன்னு ஒருத்தரு.”

சிவரஞ்சனி டீயைக் கீழே வைத்தாள். மேஜைக்கு அடியிலிருந்து அய்யம்பெருமாளின் முகம் மலர்ச்சியோடு வெளியே வந்தது.

“நம்ம மாப்பிள்ளைம்மா! பாத்தியா, ஏற்கெனவே ஓட்டிப் பாத்துட்டுத்தான் அதே மாடலைக் கேட்டிருக்காரு. என்ன முன்யோசனை!”

பானுப்ரியா சிவரஞ்சனியை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்கா பாத்திருக்காங்க?” என்றார். குரல் இறங்கிவிட்டது.

“ஆமாங்க்கா. நல்லா ஓடறதை அவரு ஏன் வித்தாரு?”

“அது அவரு வாங்குனது இல்லம்மா. ஜயங்கொண்டத்துப் பொண்ணு, வெற்றிச்செல்வின்னு பேரு. அவங்க வூட்டுல நிச்சயத்துக்கு வெச்ச சீரு. அந்தப் பொண்ணு ஒருநா, என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டிருக்கு. இப்பவே எதுத்துப் பேசறாளேன்னு நிச்சயத்த முறிச்சுட்டாங்க.”

“கம்ப்யூட்டரு?”

“சீரைத் திருப்பிக் குடுக்கற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லைன்னுட்டாங்க.”

“அப்ப என்னதான் வேலை பாக்கறாரு?”

“மத்தியானம் வரைக்கும் தூங்குவாரு. எந்திரிச்சா கேமு. பாவம்னு ஒரு வாரம் என்கிட்ட ஆல்பம் வேலை குடுத்தேன். தாலி கட்டற போட்டோவுல மாப்பிள்ளை தலையை வெட்டிட்டாரு. அந்த வூட்டுக்காரங்ககிட்ட நான் பட்ட பாடு…”

“அம்மா, அது அவங்க குடும்ப விஷயம். நாம கேக்கக் கூடாது” என்று, மறுபடி மேஜைக்கு அடியில் போயிருந்த அய்யம்பெருமாள் குறுக்கிட்டார். “ராத்திரி நேரத்துல ஃபேன் சத்தம் எப்படி?”

ஆய்வு நிறைவடைந்தது. அவர் எழுந்து, முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டி, தீர்ப்பை வாசித்தார். “பரம திருப்தி. ஒரு நிச்சயமே முறிஞ்சிருக்கு. ஒரு வூட்டுல இருந்து இன்னொரு வூட்டுக்குப் போயி, அங்கேருந்து கடைக்கு வந்திருக்கு. இதுல ஒரு வயர் நகந்திருக்கா பாரு! இதையே வாங்கிடலாம்.”

தெருவில் இறங்கியதும் சிவரஞ்சனி நின்றுவிட்டாள். நாலு வீடு தள்ளி மாப்பிள்ளை வீட்டுக் கதவு தெரிந்தது. மணி பன்னிரண்டு ஆகப் போகிறது, கதவு திறக்கவில்லை.

“அப்பா, அந்த அக்கா சொன்னது காதுல விழுந்துச்சா?”

அய்யம்பெருமாள் பையில் தெர்மாமீட்டரை வைக்க இடம் தேடினார். “விழுந்துச்சும்மா. பத்திரிகை அடிச்சாச்சு. மண்டபம் சொல்லியாச்சு. இப்ப போயி வேணாம்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“அந்தப் பெட்டிக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு பாத்தீங்களா? ஊரு விட்டு ஊரு வந்து மேசைக்கடியில படுத்துப் பாத்தீங்களே.”

“அது மட்டமா அமைஞ்சா, அதோட சேந்த எல்லாத்தையும் எரிச்சுப்புடும்மா. அதான் பாத்து வாங்கணும்.”

சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலிருந்தது. மகளின் முகத்தைப் பார்க்காமல் ரோட்டில் போன லாரியைப் பார்த்தார். சிவரஞ்சனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு தகரப் பெட்டியின் மேல் பொறாமைப்படுகிற நிலைமைக்குத் தன்னைக் கொண்டுவந்துவிட்டாரே என்று ஆத்திரமாகவும் இருந்தது. தன்னிடம் இந்த மனிதர் இத்தனை அக்கறையாக ஒரே ஒரு நாள் காதை வைத்துக் கேட்டிருக்கக் கூடாதா?

அப்போது போன் அடித்தது. அய்யாக்கண்ணு. காப்பி தயாராகிவிட்டதாம். பணிக்காலம் முழுவதும் எந்தக் கோப்புக்கும் தடுமாறாத அய்யம்பெருமாள், போனை மகளிடம் நீட்டினார்.

“நீயே சொல்லிடும்மா. என்னால முடியல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். “மாமா, சிவரஞ்சனி பேசறேன். காப்பி வேணாம். இந்தக் கல்யாணமும் வேணாம்.”

அந்தப் பக்கம் அய்யாக்கண்ணு அதிர்ந்து போனார். “என்னம்மா இப்படித் தலையில குண்டைத் தூக்கிப் போடற? உங்கப்பா இத்தனை வாரமா, அலைஞ்சு திரிஞ்சு, ஒண்ணு விடாம விசாரிச்சாரு. அவரு ஒரு குறையும் சொல்லலையே!”

“அவரு விசாரிச்சது பவர் சப்ளையை மாமா. அதுல ஒரு குறையும் இல்ல. வேணும்னா சொல்லுங்க, அதை நான் கட்டிக்கறேன்.”