ஏரிக்கரையில் ஒத்திகை

கூடாரத்தின் நான்காவது முளையை அனுசுயா அடித்து முடிப்பதற்குள் ராஜம்மா வந்து நின்றுவிட்டாள். ஏரிக்கரைத் தெருக்காரி. பின்னால் ஒரு ஆடு.

"இன்னாம்மா பண்றீங்க, புருசனும் பொஞ்சாதியும்?"

"இன்னிக்கு ராத்திரி இங்கதான் தங்கப்போறோம்."

"ஊடு இல்லியா?"

"மண்ணூர்பேட்டையில சொந்த ஃபிளாட்டே இருக்கு."

சொல்லிவிட்டு முளையின் தலையில் ஒரு போடு போட்டாள் அனுசுயா. அடுத்த மாதம் இருவரும் தனுஷ்கோடி வரை சைக்கிளில் போவதாகத் திட்டம். வழியெல்லாம் வெட்டவெளியில்தான் படுக்கை. அதற்குக் கணவன் ஜெகதீஷ் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். முதலில் இங்கே, கோவில்பதாகை ஏரிக்கரையில், ஒரே ஒரு ராத்திரி தங்கிக் காட்ட வேண்டும். விடிவதற்குள் வீடு திரும்பினால் தனுஷ்கோடியும் கிடையாது, சைக்கிளும் கிடையாது. கல்யாணமான பதினோரு வருஷத்தில் திருப்பதியும் வண்டலூரும் தவிர வேறெதையும் பார்க்காதவள் அவள். விடுவாளா?

ஜெகதீஷோ வீட்டு ஏ.சி.யை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ராஜம்மா அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு விடுவிடுவென்று போனாள்.

பத்தே நிமிஷம். தன் வீட்டுக்காரர் சின்னப்பையன், நாலு கழி, ஒரு நீலத் தார்ப்பாய் சகிதம் திரும்பி வந்தாள். கூடாரத்தை ஒட்டியே கழி நட ஆரம்பித்தார்கள்.

"போச்சு," என்றான் ஜெகதீஷ். "இங்க பட்டா குடுக்கறாங்கன்னு நெனச்சுட்டாங்க. நம்மளப் பாத்து இடம் பிடிக்கறாங்க. வா, வீட்டுக்குப் போயிடலாம்."

"யார் வந்தாலும் சரி, நான் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்," என்று அனுசுயா ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

கூடாரத்தைப் பிடுங்கி ஏரிப் பக்கமாக ஐம்பது அடி தள்ளிப் போட்டாள். தார்ப்பாயும் பின்னாலேயே வந்தது. கூடவே இன்னும் மூன்று குடும்பம், பாயும் தலையணையுமாக.

உடைத்துப் பேசிவிடுவதே மேல் என்று தோன்றியது அவளுக்கு. "இதோ பாருங்க, எங்களுக்கு இந்த இடமெல்லாம் வேணாம். காலையில நாங்க இங்க இருக்கவே மாட்டோம்."

கூட்டத்தில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்டிலாம் சொல்லாதம்மா," என்று சின்னப்பையன் கையெடுத்துக் கும்பிட்டார்.

மண்ணாசை மனுஷனை என்ன பாடு படுத்துகிறது பாருங்கள் என்று அனுசுயா தலையில் அடித்துக்கொண்டாள். கூடாரத்தை மறுபடியும் தள்ளிப் போட்டாள். இந்தத் தடவை தண்ணீரை ஒட்டியே. சேற்றில் எவன் குடிசை போடுவான்?

அவ்வளவுதான், தெருவே திரண்டு வந்துவிட்டது. கஜபதி என்றொருவர் கூடாரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே கயிற்றுக்கட்டிலைப் போட்டு மல்லாந்தார்.

"தண்ணிக்குள்ள கூட பட்டா கேக்கறான் பாரு," என்றான் ஜெகதீஷ்.

ராஜம்மா ஒரு தட்டு இட்லியை அவன் முன்னால் வைத்தாள். "துன்னு நைனா. வயிறு ரொம்புனா மனசு தெளியும்."

"லஞ்சம்," என்று முணுமுணுத்தாலும் ஆறு இட்லி உள்ளே போயிற்று.

விடிந்தது. அனுசுயா வெளியே வந்து சூரியனைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டாள். சந்தோஷத்தில் அழுகையே வந்தது. எதிரே, சிவந்த கண்ணும் கலைந்த தலையுமாக ராஜம்மா. பார்க்கப் பாவமாக இருந்தது.

"அக்கா, இங்க யாரும் பட்டா குடுக்கலக்கா. ராத்திரி பூரா வீணா முழிச்சிட்டிருந்தீங்க."

"ஏரிக்குள்ள எவன்மா பட்டா குடுப்பான்?" என்று ராஜம்மா தார்ப்பாயை உதறினாள். "சொந்த ஊடு கீதுன்ற, திரும்ப மாட்டேன்ற, காலீல இருக்கவே மாட்டோன்ற, தண்ணியாண்டயே நவுந்து நவுந்து போற. அதான் தெருவே மொற வெச்சி முழிச்சிகினு கீது. இப்பவாச்சும் மனசு மாறிச்சாம்மா?"