பச்சோந்தி உட்கார்ந்த நாற்காலி

அன்று மாலை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி என் நாற்காலியில் என் மச்சான் உட்காரக் கூடாது.

பிரம்பு நாற்காலி. வாசல் பந்தலில், லிச்சி மரத்து நிழல் வந்து விழும் இடத்தில் கிடக்கும். கொக்கோ தோட்டத்தில் பகல் முழுக்க நின்றபடி மூட்டை எடை போடுகிறவன் நான். மாலையில் அதில் போய் விழலாம் என்ற ஒரே நினைப்பில்தான் பொழுதை ஓட்டுகிறேன். நான் எங்கள் ஊர் அம்பன்ஜாவின் கடைவீதியைத் தாண்டி வருவதற்குள் என் மச்சான் ஜவுதொம்பு அதில் சாய்ந்து, காலை நீட்டி, எனக்கென்று போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பான். "வாங்க அத்தான், உக்காருங்க" என்று கவிழ்த்துப் போட்ட நெல் உரலைக் காட்டுவான். என் வீட்டில் எனக்கு உபசாரம்.

மனைவி சஹோலியிடம் கேட்டேன்.

"உன் தம்பிக்கு வீடு இல்லையா?"

"இருக்கு."

"அங்க நாற்காலி இல்லையா?"

"இருக்கு. அதுல அவன் பொண்டாட்டி உக்காந்திருக்கா."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"உங்களுக்கு நின்னே பழக்கம்தானே. பிள்ளைங்களுக்குத் தாய்மாமன். அவனை எழுந்திருன்னு சொன்னா ஊரு சிரிக்கும்."

அது நிஜம். எங்கள் பக்கம் தாய்மாமனை எழுப்ப யாருக்கும் தைரியம் கிடையாது. மனிதனால் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பச்சோந்தி ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்னோர் வைத்த விலக்கு ஒன்று உண்டு. ஒரு வீட்டில் பன்றி தின்ன மாட்டார்கள், இன்னொரு வீட்டில் செவ்வாய்க்கிழமை வயலில் இறங்க மாட்டார்கள். பெண் பேசும்போதே இரண்டு தரப்பும் சபையில் சொல்லிவிட வேண்டும். நாங்கள் விலாங்கு மீன் என்றோம். அம்பிலூபேயிலிருந்து வந்திருந்த என் மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்களுக்குப் பச்சோந்தி. தொட மாட்டோம். அது இருக்கிற வாசலை மிதிக்கவும் மாட்டோம்" என்றார். பதினாலு வருஷம் கழித்து அந்த வார்த்தை எனக்கு உதவிக்கு வந்தது.

கொக்கோ மரத்தில் ஒன்றைப் பிடித்தேன். இளஞ்சிவப்பு நிறம். பந்தலில் பழைய கொசுவலையைக் கட்டி உள்ளே விட்டேன். கவர்னர் என்று பெயரும் வைத்தேன். ஜவுதொம்பு அன்று வேலியோடு திரும்பிப் போனான்.

சஹோலி முன்வாசலை மிதிக்காமல் பின்வாசலில் போய் நின்றாள். கத்தவில்லை, அழவில்லை. அமைதியாகச் சொன்னாள்.

"எங்க விலக்கை எங்க வாசல்லயே கட்டிட்டீங்க. இருக்கட்டும். ஆனா அது இங்க செத்துச்சுன்னா எங்க முன்னோர் முன்னாடி மாடு அறுத்து மன்னிப்புக் கேக்கணும். நம்மகிட்ட இருக்கறது ஒரே மாடு."

"சாக விட மாட்டேன்" என்றேன். அது என் இரண்டாவது முடிவு.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். தொடவில்லை. சோறு வைத்தேன். ஒரு கண்ணால் சோற்றையும் இன்னொரு கண்ணால் என்னையும் பார்த்தது.

"கிண்ணத்துல எல்லாம் குடிக்காது" என்று பின்வாசலிலிருந்து குரல் வந்தது. "இலை மேல தூத்தல் மாதிரி தெளிக்கணும். சொட்டுச் சொட்டா நக்கிக் குடிக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டதுதான். தரையிலயும் வெக்காதீங்க, பயந்துக்கும். உசரமா இருக்கணும். காலைல வெயில் படணும், மத்தியானம் நிழல் வேணும்."

காலை வெயிலும் மத்தியான நிழலும் கிடைக்கிற இடம் வாசலில் ஒன்றே ஒன்றுதான். நாற்காலி மேல் காப்பிச் செடித் தொட்டியை ஏற்றி, சுற்றிலும் வலையைக் கட்டினேன். கவர்னர் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

விடியும் முன் தண்ணீர் தெளிப்பேன். பிறகு புல்லில் தவழ்ந்து வெட்டுக்கிளி பிடிப்பேன். வெட்டுக்கிளி மட்டும் போதாதாம், கரப்பானும் பட்டுப்புழுவும் மாற்றி மாற்றி வேண்டுமாம். எலும்புக்கு வலு வேண்டுமென்று முட்டை ஓட்டை உரலில் இடித்துப் பூச்சி மேல் தூவினேன்.

"உரல்கிட்டதானே நிக்கிறீங்க, அந்த நெல்லையும் குத்திடுங்க" என்றாள் சஹோலி.

"அது உன் வேலை இல்லையா?"

"உரல் முன்வாசல்ல கிடக்கு. நான் எப்படி வருவேன்?"

கிணற்றுக்குப் போகும் வழியும் முன்வாசல்தான். விறகு அடுக்கியிருந்ததும் முன்வாசல்தான். எங்கள் வீட்டு வேலை எல்லாம் முன்வாசலில்தான் கிடக்கிறது என்பதை அந்த ஒரு மாதத்தில்தான் கண்டுபிடித்தேன். பின்வாசலில் இருந்தது சஹோலியும் ஒரு பாயும் மட்டும். பாயில் அவள் படுத்திருந்தாள்.

ஆனாலும் நான் அசரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அதன் மேல் பாசமும் வந்துவிட்டது. நாக்கை நீட்டி அது பூச்சியைப் பிடிக்கும்போது பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுக் காட்டத் தோன்றும்.

ஐந்தாவது வாரம் கவர்னர் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. உடம்பு கறுத்துவிட்டது. செடியிலிருந்து இறங்கி, வலையின் அடியில் இங்கும் அங்கும் அலைந்து தரையைப் பிறாண்டியது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நான் இப்படிக் கலங்கியதில்லை.

"சஹோலி, அது சாகப் போகுது. ஏதாவது சொல்லேன்."

"எனக்கு அவ்வளவு தெரியாது. தெரிஞ்ச ஆளு ஒருத்தன் இருக்கான். கூப்பிடவா?"

"யாரா இருந்தாலும் கூப்பிடு."

ஜவுதொம்பு வந்தான். வேலியில் நிற்கவில்லை. நேராக முன்வாசலை மிதித்து, வலையை விலக்கி, கவர்னரைத் தன் கையில் ஏற்றிக்கொண்டு வயிற்றை மெல்லத் தடவினான்.

"அத்தான், இது பொண்ணு. வயிறு நிறைய முட்டை. குழி தோண்ட மண்ணு இல்லாமத்தான் தவிக்குது. ஒரு வாளி ஈரமண்ணு கொண்டாங்க."

கொண்டுவந்தேன். உள்ளே இறக்கியதும் குழி தோண்ட ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு முட்டை. கவர்னர் பிழைத்தார். பிழைத்தாள். அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செய்தது.

"விலக்கு என்னடா ஆச்சு?"

பதில் சஹோலியிடமிருந்து வந்தது. அவள் முன்வாசலில் நின்று பச்சோந்திக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அம்பிலூபேல எங்கப்பா பச்சோந்தி பிடிச்சு வெளிநாட்டுக்குத் திருட்டுத்தனமா அனுப்பற யாவாரம் பண்ணினாரு. வீட்டுல நாப்பது இருக்கும். நாங்க ரெண்டு பேரும்தான் தண்ணி காட்டுவோம். அது தெரிஞ்சா உங்கம்மா பொண்ணு எடுத்திருப்பாங்களா? அதான் சபையில அதையே விலக்குன்னு சொல்லிட்டாரு. எவனும் நம்ம வீட்டுல வந்து தேட மாட்டான்ல."

"அப்ப மாடு?"

"அதை எதுக்கு அறுக்கணும்? பாவம்."

"இந்த ஒரு மாசம் இவன் ஏன் வரல?"

"நான்தான் வராதேன்னேன். நீங்க நெல்லு குத்தறதை ஒரு தடவையாவது பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

முட்டை பொரிய எட்டு மாதம் ஆகுமாம். மண் காயவும் கூடாது, ஈரம் ஏறவும் கூடாது. தினமும் ஜவுதொம்பு வந்து பார்த்தால்தான் ஆயிற்று. விட்டுவிடலாமா என்று முட்டைகளைப் பார்த்தேன். மனசு வரவில்லை. இருபத்திரண்டும் பொரிந்தே ஆக வேண்டும் என்று மூன்றாவது முடிவையும் எடுத்தேன்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தேன். நாற்காலியில் கவர்னர். பக்கத்தில் சஹோலி புதிதாக வாங்கிப் போட்ட இன்னொரு நாற்காலியில் ஜவுதொம்பு, கையில் காப்பி. என்னையும் அவள் மறக்கவில்லை. உரலைக் கழுவிக் கவிழ்த்துப் போட்டிருந்தாள்.