சாக்குக்கு அடியில் ஒரு பாட்டில்

இந்த முறை பூச்சி விஷயத்தில் மனைவி பேச்சைக் கேட்பதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். சத்தம் போட்டுச் சொன்ன சபதம் எதுவும் எங்கள் வீட்டில் ஒரு வேளைக்கு மேல் தாங்கியதில்லை.

மிளகாய்த் தோட்டம் முழுக்க அசுவினிப் பூச்சி. இலைக்கு அடியில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. இன்னும் பத்து நாள் விட்டால் ஒரு செடி தேறாது. அவளோ எங்கிருந்தோ பூஞ்சாணப் பொடி வாங்கிவந்து ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது பூச்சி மேல முளைச்சு அதைக் கொன்னுடும்."

"பூஞ்சாணம் ரொட்டியைக் கெடுக்கும், ஒத்துக்கறேன். பூச்சியை என்ன பண்ணும்? கூட கொஞ்சம் பூச்சிமருந்து சேர்த்துக்கலாம்."

"மருந்து பாட்டில் தோட்டத்துக்குள்ள வரக்கூடாது. சொல்லிட்டேன்."

சொன்ன பிறகு சும்மா இருப்பேனா? அன்றே ஒரு பாட்டில் வாங்கி மோட்டார் ரூமில் சாக்குக்கு அடியில் ஒளித்தேன். மறுநாள் சாயங்காலம் அவள் கரைத்துக் கொடுத்த பூஞ்சாணத் தண்ணீரில் முழு அளவு மருந்தையும் கமுக்கமாக ஊற்றினேன். ஜெயிக்கப்போவது என் மருந்தல்லவா! இலை இலையாகத் திருப்பி, முதுகு ஒடிய அடித்தேன். கல்யாணமான இருபது வருஷத்தில் நான் இப்படி உழைத்து யாரும் பார்த்ததில்லை.

எட்டாம் நாள் அசுவினி கூண்டோடு காலி. செத்த பூச்சி மேலெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு பூத்துக் கிடந்தது. பார்க்க வந்த வேளாண்மை அதிகாரியிடம் பெருமை தாங்காமல் உளறிவிட்டேன்.

"பூஞ்சாணம் மட்டும் இல்ல சார். என் மருந்தும் இருக்கு. முழு அளவு."

"முழு அளவா? அப்ப பூஞ்சாணமே செத்திருக்குமே! இந்த மருந்து கால் அளவு போட்டாத்தான் பூச்சி சோர்ந்துபோகும், பூஞ்சாணமும் பிழைச்சு மிச்ச வேலையை முடிக்கும். பொடி வாங்க வந்த அன்னைக்கே உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேனே."

திரும்பினேன். அவள் நிமிராமல் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டில்ல முக்கால்வாசி தண்ணிங்க சார். நான்தான் ஊத்தி வச்சேன்."

கோபம் வரவில்லை. தோட்டம் பிழைத்ததே அவளால்தான். நல்லா இரு தாயே என்று மனசார நன்றி சொன்னேன். ஒரே ஒரு சந்தேகம்தான் உறுத்தியது.

"மருந்தும் வேணும்னு தெரிஞ்சுக்கிட்டே ஏன் வேண்டாம்னு சொன்னே?"

"வேணும்னு சொல்லியிருந்தா, நீங்க இலையைத் திருப்பி அடிச்சிருப்பீங்களா?"