பல் டாக்டரும் பியானோவும் ஒரு தெர்மாமீட்டரும்

ஊரார் வாயையெல்லாம் திறக்கவைத்துப் பிழைக்கிற பல் டாக்டருக்குத் தன் வீட்டில் வாயைத் திறக்க வழியில்லை. அந்தக் குறை தீரத்தான் தலை நரைக்கிற வயசில் பியானோ வாங்கிப் போட்டார்.

விரல்கள் தங்கமான விரல்கள்தான். ஆனால் பாட்டின் நடுவே வேகமாக ஓடவேண்டிய ஓர் இடம் வரும். அங்கே போனதும் கை கட்டையாகிவிடும். வருகிற சனிக்கிழமை, பியானோ டீச்சரிடம் படிக்கிறவர்கள் எல்லாரும் மேடையேறுகிறார்கள். பொடிசுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாதியில் திருதிருவென்று முழிக்க அவர் தயாராக இல்லை.

"விரல்ல தப்பில்ல டாக்டர். உடம்புல எங்கயோ ஒரு இறுக்கம் ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. அதைக் கண்டுபிடிச்சு விட்டுட்டா கை தானா ஓடும்" என்று சொல்லிவிட்டார் டீச்சர்.

டாக்டர் தேடினார். தோளைக் குலுக்கினார், மணிக்கட்டை உதறினார், கால்விரலைக்கூட விரித்துப் பார்த்தார். அகப்படவில்லை. தலை நிமிர்ந்தால், எதிர் சோபாவில் மனைவி துணி மடித்துக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடடே, இறுக்கம் அங்கே அல்லவா உட்கார்ந்திருக்கிறது. சனிக்கிழமை அவளை அந்தப் பக்கமே வரவிடக் கூடாது என்று முடிவு கட்டினார்.

"உன் அக்காவைப் பாத்து ரொம்ப நாளாச்சே. சனிக்கிழமை போயிட்டு வாயேன். பாவம், நீயும் எவ்வளவுதான் உழைப்பே."

கல்யாணமான நாளிலிருந்து வராத கரிசனம். அவள் துணியை வைத்துவிட்டு எழுந்து வந்து அவர் நெற்றியில் கை வைத்தாள்.

"உடம்பு சுடுதே."

"எனக்கா? இல்லையே."

"இதை நாக்குக்கு அடியில வைங்க. பழைய கண்ணாடி, பல்லு பட்டா உடைஞ்சிடும்."

அவர் மறுப்பதற்குள் தெர்மாமீட்டர் வாய்க்குள் போய்விட்டது.

"அதுவரைக்கும் ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க, வாசிங்க."

கண்ணாடி உடைந்துவிடுமே என்ற பயத்தில் தாடையைத் தளரவிட்டபடியே வாசித்தார். அந்த இடம் வந்தது. வந்த சுவடு தெரியாமல் போயும் விட்டது. விரல்கள் யார் வீட்டு விரல்களோ என்று இருந்தது அவருக்கு.

"ம்ம்?" என்றார்.

"அந்த இடம் வந்தா பல்லைக் கடிக்கிறீங்க. ரெண்டு கன்னத்துலயும் உருண்டை எழும்பும். நீங்க கையையே பாப்பீங்க, மூஞ்சியப் பாக்கறது நான்தானே. அப்புறம், நான் அக்கா வீட்டுக்குப் போகல. அக்கா குடும்பத்தையே அன்னிக்கு அங்க வரச் சொல்லிடறேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

"ம்ம்ம். ம்ம்."

"அப்ப சரி. காய்ச்சல் இல்லீங்க" என்று தெர்மாமீட்டரை உருவிக்கொண்டாள்.

பல்லைக் கடித்துக் கடித்துத் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களை அவர் எவ்வளவு திட்டியிருப்பார். தன் வாயில் இருந்தது தனக்குத் தெரியவில்லை, சோபாவில் இருந்தபடி அவள் பிடித்துவிட்டாள். கோபப்பட நினைத்தார், வரவில்லை. என்ன கண்ணு இவளுக்கு என்று மனசு கொள்ளாத பெருமைதான் வந்தது.

சனிக்கிழமை முன்வரிசை முழுக்க மனைவி வீட்டார். மாமியார், அக்கா, கைகட்டிக்கொண்டு சகலை. பார்த்ததுமே டாக்டரின் பற்கள் ஒன்றையொன்று தேடின. அப்போது மனைவி, அவர் நோயாளிகளுக்குக் காட்டுகிற மாதிரியே மெல்ல 'ஆ' காட்டினாள். அவரும் தாடையைத் தளரவிட்டார். அந்த இடம் தண்ணீராய் ஓடியது. முதலில் கைதட்டியவர் சகலை.

டீச்சர் ஓடி வந்தார். "பிரமாதம் டாக்டர். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

சகலை வேறு பக்கத்தில் நிற்கிறார். டாக்டர் தொண்டையைச் செருமினார். "அது பெரிய ஆராய்ச்சி டீச்சர். ஒரு பல் டாக்டரா நான் யோசிச்சுப் பாத்தேன்..."

மனைவி கைப்பையைத் திறந்தாள். உள்ளே தெர்மாமீட்டரின் முனை தெரிந்தது.

டாக்டர் வாயை மூடிக்கொண்டார், பல்லோடு பல் படாமல்.