மூன்றாம் மாடி வால்வு

மோட்டார் மேல் விழுந்த சொட்டு சுர்ரென்று ஆவியானது. அதைத் தொட்டுப் பார்த்த மீரா முகைதீன் விரலை உதறிக்கொண்டார்.

"இதுல டீயே போடலாம் பாய்" என்றான் மெக்கானிக் கணேஷ்குமார். "மாடிக்கு மாடி வால்வு வச்சீங்க. ட்ரம் நிறைஞ்சதும் ஆளாளுக்கு மூடிடுறாங்க. மோட்டார் தள்ளுற தண்ணி எங்க போகும்? ஒரு பைபாஸ் குழாய் போடுங்க. எல்லா வால்வும் மூடினாலும் தண்ணி கீழ்த்தொட்டிக்கே திரும்பிடும்."

"ஏத்துன தண்ணிய எறக்க ஒரு குழாயா? உன் கடையில சரக்குத் தேங்கிக் கிடக்குதோ?"

தாமுவே பேட்டையின் அந்த நாலு மாடிக் கட்டடத்தில் மோட்டார் பொறுப்பு அவருடையது. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "மீ லாபீ!", கரண்டு வந்தாச்சு, என்று தெரு பர்மிய மொழியில் கத்தியதும் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். அது போவதற்குள் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் ஏற வேண்டும். மோட்டார் எரிந்தால் கட்டடமே வறண்டுவிடும்.

பொய் சொல்லாதவர் என்பதால் அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். துணிக்கடை வைத்திருந்தபோது, எந்தத் துணி சாயம் போகும் என்று வாடிக்கையாளரிடம் அவரே சொல்லிவிடுவார். இப்போது கடை இல்லை.

பைபாஸுக்குப் பதிலாக அவரே ஒரு வழி கண்டார். மூன்றாம் மாடி காலி. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியதும் பரீதாவின் மகன் ஆபித் மலேசியாவுக்குப் போய்விட்டானாம். பரீதா பக்கத்துப் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட்டில் தங்கை வீட்டில் இருந்தாள். வீடு பெருக்க மட்டும் தினமும் தூக்குச்சட்டியோடு வந்துபோவாள்.

"உன் வீட்டு வால்வையும் ஒரு குழாயையும் திறந்தே விட்டுடு பரீதா. மோட்டார் மூச்சு விடட்டும்."

"தாராளமா காக்கா." அண்ணன் முறை சொன்னவளின் கண் கலங்கியது. மகன் ஞாபகம், பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

மோட்டார் குளிர்ந்தது. நாலாம் மாடி நபீஸா கொதித்தாள்.

"எனக்கு நூல் மாதிரி வருது மாமா."

"மூணாம் மாடிய மூடிடுறேன்."

"அதுல கை வைக்காதீங்க. வேற வழி பாருங்க."

"காலி வீட்டுக்கு வக்காலத்தா?"

படிக்கட்டுப் பக்கம் இருந்த அந்த வால்வை மூடினார். மறுநாள் திறந்திருந்தது. மீண்டும் மூடினார், மீண்டும் திறந்திருந்தது. கோபத்தில் சங்கிலி போட்டுப் பூட்டினார்.

அதன் பிறகு நபீஸாவுக்கு முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் தேவைப்பட்டது. "ஒண்டிக்கட்டைக்கு எதுக்கும்மா இவ்வளவு?" என்று கேட்டால், "வெயில்" என்றாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் வார்டு ஆபீஸ் ஆள் வந்தார். "மூணாம் மாடியில வயசுப் பையன் இருக்கானா?"

"ஈ காக்கா இல்ல. வால்வையே பூட்டி வச்சிருக்கேன்."

"ஊ மீரா சொன்னா சரி" என்று பர்மிய மரியாதையில் சொல்லிவிட்டு அவர் படி ஏறாமலே திரும்பிப் போனார்.

அடுத்து மின்சாரம் வந்தபோது ட்ரம்கள் நிறைந்து எல்லா வீட்டு வால்வுகளும் மூடிக்கொண்டன. மோட்டார் புகைந்து அடங்கியது. கட்டடம் முழுக்க வாளியோடு பள்ளிவாசல் குழாயடியில் நின்றது. ஒருவரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கடைசியில் பணிந்தார். கணேஷ்குமார் எரிந்த கம்பிச்சுருளை மாற்றி, பைபாஸ் குழாயும் போட்டான். மோட்டார் பூனைபோல் ஓடியது.

"இனி மூணாம் மாடி தயவு வேணாம்" என்றார் மீரா முகைதீன். "காலி வீட்டுக்கு எதுக்குத் தண்ணி? அந்தக் குழாய வெட்டி அடைச்சிடு."

கணேஷ்குமார் ரம்பத்தை எடுக்கவில்லை. படியைப் பார்த்தான். அங்கே நபீஸா நின்றிருந்தாள். கயிறு அறுத்து அவள் உள்ளங்கைகள் இரண்டும் சிவந்திருந்தன.

"வெட்டச் சொல்லாதீங்க மாமா. உங்களுக்குப் பொய் வராதுன்னுதான் ஒருத்தரும் உங்ககிட்ட சொல்லல. ஆபித் குளிக்க நானும் எத்தனை நாளைக்குத்தான் பின்பக்கமா வாளி எறக்குறது?"