ஐஸ்பெட்டி அக்கா கெடுத்த ப்ராஜெக்ட்

வாங்க வந்தவர்களைத் திட்டி விரட்டியே இருபது வருஷம் மீன் விற்ற ஒரே பிறவி, எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் எங்கள் கள்ளக்குறிச்சி ஐஸ்பெட்டி அக்காதான். நம்பாதவர்கள் ஆவணி மாசத்தில் அவளிடம் போய், "சினை மீன் இருக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முழுசாகத் திரும்பி வந்தால் மேற்கொண்டு படிக்கலாம்.

அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டில்கூட இருக்கும். எங்களுக்குத் தெரியாது. ஒரு பழைய மொபெட், பின்னால் கயிறு போட்டுக் கட்டிய வெள்ளை தெர்மாகோல் பெட்டி, முன்னால் சாக்குப் பையில் தராசு. அந்தப் பெட்டியைப் பார்த்து ஊர் வைத்த பெயர் அது. பெட்டிக்குள் ஐஸ் இருந்தது. வண்டி ஓட்டியது எரிகிற அடுப்பு.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தாசில்தார் வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டம்மா ஒருநாள் வாசலில் வண்டியை நிறுத்தி, "நல்லா வயிறு ரொம்பின மீனா பாத்து போடும்மா. சினையை வறுத்து வச்சா எங்க வூட்டுக்காரரு உசுரையே வுடுவாரு" என்றார்.

அக்கா தராசை எடுக்கவே இல்லை. "உம் மருமவளுக்கு இப்ப எத்தினி மாசம்?"

"ஏழு. வெள்ளிக்கெழம வளைகாப்பு. ஏன் கேக்கற?"

"வெள்ளிக்கெழம நான் அருவாமனையும் மொளகாத்தூளும் எடுத்துக்கினு வந்தா ஒத்துப்பியா?"

அந்தம்மா போட்ட கூச்சலில் தாசில்தார் முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார். என்ன ஏது என்று கேட்டார். அவருக்கும் கிடைத்தது.

விஷயம் இதுதான். புதுமழைக்கு வெள்ளம் வந்ததும், வயிற்றில் முட்டையோடு மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். மேலே போய்த்தான் முட்டை விடும். ஏறுகிற மீனைப் பிடிக்க வலைகூட வேண்டாம். கூடையை வைத்தால் தானாக வந்து விழும். அதனால் எல்லாரும் கூடை வைப்பார்கள். அக்கா மட்டும் ஆவணி, புரட்டாசி இரண்டு மாசமும் ஏரி மீன், ஆற்று மீன் எதையும் தொட மாட்டாள். கடலூரிலிருந்து வரும் கடல் மீனும் கருவாடும்தான். காரணம் கேட்டால் பெரிய தத்துவமெல்லாம் கிடையாது. "இந்த வருசம் அத்தினியும் நீங்களே தின்னுட்டா, வர்ற வருசம் நான் இன்னாத்த விக்கறது? உங்களையா?"

நான் அப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்துவந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளர். பதவியைக் கேட்டு மயங்க வேண்டாம். ஆபீஸில் மொத்தம் மூன்று பேர். மூன்றாவது ஆள் நான்கு மாதமாக வரவில்லை.

அந்த நேரத்தில் சென்னையில் ஒரு பெரிய அறக்கட்டளை, நன்னீரைக் காப்பது பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வி தரவும், மீன்கள் வாழும் இடங்களைச் சீர்படுத்தவும் மூன்று வருஷத்துக்கு நிதி தருவதாக அறிவித்தது. கிடைத்தால் கல்வராயன் மலையில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வகுப்பு, ஓடையில் வேலை, எனக்குச் சம்பளம். கிடைக்காவிட்டால் மாடியைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கி ஜெராக்ஸ் போட வேண்டியதுதான்.

விண்ணப்பத்தில் 'உள்ளூர் நீர்க் கல்வியாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஐஸ்பெட்டி அக்காவை எழுதினேன். என் கையை நானே உடைத்திருக்கலாம்.

அன்றிலிருந்து அவள் எனக்கு வைத்த பெயர் 'ப்ராஜெக்டு'. பஸ் நிலையத்தில் நூறு பேர் நிற்கும்போது, "யோவ் ப்ராஜெக்டு!" என்பாள். நூறு பேரும் திரும்புவார்கள்.

ஒத்திகைக்கு அவளை ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். பாடத்திட்டம் தயாரித்துக் கொடுத்திருந்தேன். அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் வைத்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "யார் யார் வூட்ல மடுவுல ப்ளீச்சிங் பொடி கொட்டி மீன் புடிக்கறீங்க? உண்மைய சொல்லுங்க, அடிக்க மாட்டேன்" என்றாள்.

பாதி வகுப்பு கை தூக்கியது.

"பொடி ஏதுடா?"

ஒரு பொடியன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "இஸ்கூல் கக்கூஸுக்கு வர்றதுங்க" என்றான்.

கடைசி பெஞ்சில் இருந்த தலைமையாசிரியர் சன்னல் வழியாக மலையின் அழகை ரசிக்க ஆரம்பித்தார். அக்கா விடுவாளா? "இன்னா சாரு, அதான் உங்க கக்கூஸு அந்த நாத்தம் நாறுதா?"

அப்போதே அவளைக் கழற்றி விட்டிருக்க வேண்டும். ஆனால் பொடி போட்டால் பெரிய மீனோடு குஞ்சு, முட்டை, தவளை, தண்ணீர் குடிக்க வரும் ஆடு வரை என்ன ஆகும் என்று அவள் நடித்தே காட்டினாள். ஆடு சாகிற இடத்தில் இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். சாயங்காலம் மொத்த வகுப்பும் மொபெட்டின் பின்னால் ஓடி வந்தது. அதைப் படம் எடுத்து விண்ணப்பத்தில் ஒட்டினேன். நான் மட்டும் என்ன யோக்கியமா?

சீர்படுத்த வேண்டிய இடமாக நான் காட்டியது அதே ஊர் ஓடையில் ஒரு சிறுபாலம். ரோடு போட்டவர்கள் பாலத்துக்கு அடியில் காங்கிரீட் தளம் போட்டதில், தண்ணீர் இடுப்பளவு உயரத்திலிருந்து செங்குத்தாகக் கீழே மடுவில் விழுந்தது. வெள்ளம் வந்தால் கெண்டை மீன்கள் துள்ளும், தளத்தில் மோதும், விழும். கீழே கூடையோடு கூட்டம் நிற்கும். கல்லால் படிப்படியாக அடுக்கிவிட்டால் மீன் ஏறிவிடும். மூன்று வருஷத் திட்டத்தில் முதல் வேலை அதுதான்.

அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது. கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். ஆவணிக் கடைசியில் இரண்டு பேர் வந்து, மீன்கள் ஏற முடியாமல் தவிப்பதை நேரில் பார்ப்பார்கள். அவர்கள் சரி என்றால் நிதி உறுதி. நான் துள்ளிக் குதித்து அக்காவிடம் சொன்னேன்.

"ஆவணிக் கடைசியா? மொத மழ அதுக்கு முன்னயே வந்துருமேய்யா."

"இருக்கட்டுங்கா. அவங்க பாக்கறதுக்கு முன்ன எதையும் தொடக் கூடாது. அதான் ரூல்ஸு."

"வயித்துல முட்டைய வச்சிக்கினு மீனு நிக்குமா? 'மனு போட்டு இருக்கோம், கொஞ்சம் அடக்கிக்கோ'ன்னு நீயே போய் சொல்லு."

"ஒரே ஒரு வருசந்தானேக்கா."

அவள் பெட்டியைக் கட்டிய கயிற்றை இறுக்கினாள். மொபெட்டை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டாள். ஐஸ்பெட்டி அக்கா பேசாமல் போனால் ஆபத்து என்பது ஊரில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

வந்தவர்கள் ஒரு தொப்பிக்காரர், ஒரு கேமராப் பெண். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போதே ஜீப்பில் நான் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். தாய் மீனின் துயரம், சிமெண்டின் கொடுமை. கேமராப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. ஓடை நிறைய செந்தண்ணீர். எல்லாம் எனக்குச் சாதகமாக இருந்தது.

பாலத்தின் மேல் நின்று கையை நீட்டினேன். "பாருங்கள் சார். இந்த ஜீவன்கள் எப்படித் தவிக்கின்றன என்று பாருங்கள்."

பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பாலத்துக்கு அடியில் பாறாங்கற்கள் படிப்படியாக அடுக்கப்பட்டிருந்தன. இடையிடையே சின்னச் சின்னத் தொட்டிகள் மாதிரி தண்ணீர் தேங்கி நின்றது. கெண்டைகள் ஒரு படி துள்ளி, தேங்கிய தண்ணீரில் இளைப்பாறி, அடுத்த படி துள்ளி, கல்யாணப் பந்திக்குப் போகிற மாதிரி வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன.

தொப்பிக்காரர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "பிரச்சினை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

பிரச்சினை எதிர்க்கரையில், புடவையை முட்டிக்கு மேல் செருகிக்கொண்டு நின்று கையை ஆட்டியது. "வந்துட்டீங்களா சாரு! பாத்தீங்களா, எப்படி ஏறுது! அஞ்சி நாளு வேல. ஊரு பொம்பளைங்க, இஸ்கூல் பசங்க அத்தினி பேரும் கல்லு தூக்குனாங்க. கூலி இன்னா தெரியுமா? ஆளுக்கு ஒரு கை கருவாடு!"

தொப்பிக்காரர் அதைக் குறித்துக்கொண்டார். நான் எதிர்க்கரைக்கு ஓடி அவள் காதில், "அக்கா, உன் காலுல வுழறேன். மேல ரெண்டே ரெண்டு கல்ல எடுத்துரு. அரை மணி நேரம். பாத்துட்டுப் போயிடுவாங்க, அப்பால வச்சிக்கலாம்" என்றேன்.

ரகசியம் சொல்லத் தகுந்த ஆளா அவள்? "யோவ்! ஏறிக்கினு இருக்கற மீனைப் போயி தள்ளி வுட சொல்றியா? நீ மனுசனா?" மலை முழுக்க எதிரொலித்தது.

நான் சிரித்துச் சமாளித்து, வந்தவர்களை ஊருக்குள் காபி குடிக்க அனுப்பினேன். அக்காவும் கூடப் போனாள். அவர்கள் தலை மறைந்ததும் மடுவில் இறங்கினேன். ஆமாம், நானேதான். மேல் படியில் ஒரு கல்லை அசைத்தேன். வரவில்லை. கட்டிப்பிடித்து இழுத்தேன். அது வந்த வேகத்தில் நான் மல்லாந்து மடுவில் விழுந்தேன். கல் என் மார்பு மேல். எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் ஒரு கெளுத்தி இருந்தது. அதன் முள் உள்ளங்கையில் இறங்கியது. நான் அலறிய அலறல் சங்கராபுரம் வரை கேட்டிருக்கும்.

மொத்த ஊரும் ஓடி வந்தது. கேமராப் பெண் முதலில் வந்தாள். படம் நன்றாகவே விழுந்தது. மீன்களின் வாழிடத்தைச் சீர்படுத்த நிதி கேட்ட ஆள், மீன் ஏறும் படியைப் பெயர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் கிடக்கிறான்.

அக்கா என்னைச் சட்டையைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டாள். முதலில் கல்லைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். பிறகுதான் என் கையைப் பார்த்தாள். வெந்நீர் வாங்கி வந்து கையை அதில் முக்கிப் பிடித்துக்கொண்டாள். "கெளுத்திக்குக்கூட தெரிஞ்சிருக்குது பாரு, யாரைக் குத்தறதுன்னு."

அறக்கட்டளையின் கடிதம் சுருக்கமாக இருந்தது. குறிப்பிட்ட வாழிடம் ஏற்கெனவே நல்ல நிலையில் இருப்பதாலும், தங்கள் ஒருங்கிணைப்பாளரே அதைக் கலைப்பதை எங்கள் குழு நேரில் கண்டதாலும், நிதி வழங்க இயலாது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அவளிடம் போனேன். நடுத்தெருவில் கத்தினேன். "உன்னாலதாங்கா எல்லாம் போச்சி!"

"இன்னா போச்சி? மீனு ஏறிச்சா இல்லியா?"

"ஏறிச்சி."

"பசங்க பொடி கொட்றத வுட்டாங்களா இல்லியா?"

"வுட்டாங்க."

"அப்பால இன்னா போச்சி?"

"என் வேலை போச்சிக்கா."

அவள் தராசைக் கீழே வைத்தாள். பெட்டியைத் திறந்து, இருந்ததிலேயே பெரிய வஞ்சிரத்தை எடுத்து, பேப்பரில் சுற்றி என் கையில் திணித்தாள். "வறுத்துத் தின்னு" என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள். கிளப்பக்கூட இல்லை.

மாடியைப் பூட்டினோம். நான் சங்கராபுரத்தில் ஒரு உரக்கடையில் சேர்ந்தேன். ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. பஸ் நிலையத்தில் "யோவ் ப்ராஜெக்டு!" என்று குரல் வந்தால் நூறு பேரும் திரும்பினார்கள், நான் திரும்பவில்லை.

அடுத்த ஆவணியில் முதல் மழை பெய்த மறுநாள் காலையில் போன் வந்தது. "ஏறுதுய்யா. வா."

"எதுக்கு? எந்த ஆபீஸு, எந்த ப்ராஜெக்டு?"

"ப்ராஜெக்டு இல்லன்னா நீ இல்லியா?"

கோபத்தோடு போனை வைத்தேன். அதே கோபத்தோடு கடைக்கு லீவு சொல்லி, வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன்.

பாலத்தை நெருங்கும்போது ஏழெட்டு வயசுப் பெண் பிள்ளை ஒன்று, கையில் குச்சியோடு குறுக்கே வந்து நின்றது. "யோவ், அந்தப் பையில இன்னா? கூடையா?"

"சோறு பாப்பா. தயிர் சோறு."

"தொற. காட்டு. ஏறுற மீனைப் புடிச்சே, கைய ஒடிச்சிருவேன்."

மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பேச்சு அச்சு அசலாக கள்ளக்குறிச்சி ஐஸ்பெட்டி. அதன் பின்னால் இரண்டு கரையிலும் குச்சியோடு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கூடையோடு வந்த பெரியவர்கள் தூரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். அக்கா புதன்கிழமை தோறும் கருவாடு விற்க மலை ஏறி, பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிடுகிறாளாம். நிதி இல்லை, பாடத்திட்டம் இல்லை, மேசைக்குக் கீழே வைக்கக்கூட ஒரு காகிதம் இல்லை.

"இந்த எடத்துக்கு பேரு இன்னா தெரியுமா?" என்று அந்தப் பிள்ளையே என்னிடம் சொன்னது. "ப்ராஜெக்டு வுழுந்த மடு."

எதிர்க்கரையில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் திருப்பித் திட்டினாள். கீழே கெண்டைகள் எங்கள் இருவரையும் சட்டை செய்யாமல் ஏறிக்கொண்டிருந்தன.

இப்போதெல்லாம் முதல் மழைக்கு மறுநாள் நான் போனுக்குக் காத்திருப்பதில்லை. தயிர் சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறேன். அந்த மடுவுக்குப் பக்கத்தில் நின்று, அவள் வாயால் நாலு திட்டு வாங்கினால்தான் எனக்கு மழை பெய்த மாதிரி இருக்கிறது.