அந்தக் கடாவுக்கு ஏழு வயதுதான்

ஃபோர்ட் செயின்ட் ஜான்
2018 ஜூலை 9, திங்கட்கிழமை
காலை மணி 9.20

மைத்துனர் திரு. ஃபேபியன் சார்லி அவர்களுக்கு, ஆபிரகாம் டூயெக் வணக்கத்துடன் எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே என் இரண்டு முழங்கால்கள் நீங்கலாக மற்ற யாவும் சுகம். அங்கே தங்கள் சுகமும், மகள் மார்லீனின் சுகமும், குதிரைகள் இருபத்துமூன்றின் சுகமும் இவ்வாறே விளங்கப் பிரார்த்திக்கிறேன். குதிரைகளின் எண்ணிக்கை மாறியிருந்தால் தெரிவிக்கவும்.

தங்கள் கடிதம் ஜூலை 4, புதன்கிழமை கிடைத்தது. வழக்கம்போல் தாங்கள் தேதி போடவில்லை. அஞ்சல் முத்திரையைப் பார்த்து ஜூன் 27 என்று நானே மேலே எழுதி வைத்துக்கொண்டேன். கடிதம் மொத்தம் ஐந்து வரி. "மச்சான், டாக்டர் இடுப்பப் பாத்துட்டு, இந்த வருசத்தோட குதிரை ஏறாதேன்னுட்டார். அடுத்த வருசத்துலேர்ந்து மலை மார்லீன் பொறுப்பு. தலைய அனுப்பிருக்கேன், நீயே எண்ணிக்க. ஜூலை 28-ஆம் தேதி விமானத்துல வா. அந்த முகட்டுல நாம ரெண்டு பேரும் ஒருக்கா ஒக்காரணும்." முப்பது ஆண்டுகளில் தாங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. எழுதியமைக்கு நன்றி. வர இயலாது.

ஏன் இயலாது என்பதை முறைப்படி விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கம். முழங்கால் ஒரு காரணம். ஆனால் அது சிறிய காரணம். பெரிய காரணம் தாங்கள் அறிந்ததே. 1987 ஆகஸ்டு 11 அன்று, செவ்வாய்க்கிழமை, குருட்டுக் குதிரை ஓடைக்கு மேலே நின்ற மலைச் செம்மறிக் கடாவுக்கு வயது ஏழுதான் என்று தாங்கள் ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டு அனுப்பினால் நான் அந்த விமானத்தில் ஏறுவதைப் பற்றி யோசிக்கலாம். அனுப்பாவிட்டால் முகட்டில் தாங்கள் தனியாகவே உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். இதை வருத்தத்துடனேயே எழுதுகிறேன்.

தாங்கள் அனுப்பிய தலை ஜூலை 5, வியாழக்கிழமை, பகல் 2.10-க்கு வந்து சேர்ந்தது. அது வந்து சேர்ந்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். லாரிக்காரர் அதை நீலத் தார்ப்பாயில் சுற்றி வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டுப் போய்விட்டார். முதியோர் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருப்பவன் இறங்கி வர எவ்வளவு நேரமாகும் என்று அவர் யோசிக்கவில்லை. அதற்குள் எதிர்வீட்டு ஓடெட் அம்மாள் பிங்கோ விளையாடிவிட்டுத் திரும்பி வந்தவர், பழைய சைக்கிள் என்று எண்ணித் தார்ப்பாயை விலக்க, உள்ளே இரண்டு கண்குழிகள் அவரைப் பார்க்க, அவர் கையிலிருந்த பரிசு, அது ஒரு மண் பூந்தொட்டி, படியில் விழுந்து உடைய, நான் அவருக்கு மன்னிப்பும் விளக்கமும் ஒருசேரச் சொல்லிக்கொண்டே பன்னிரண்டு கிலோ மண்டையோட்டை மின்தூக்கிக்குள் ஏற்றினால், கதவு மூடவில்லை. வலக்கொம்பு வெளியே நிற்கிறது. திருப்பினேன், இப்போது இடக்கொம்பு. கதவு வருகிறது, கொம்பில் முட்டுகிறது, திரும்பிப் போகிறது, மறுபடி வருகிறது. அது கடாவுக்கும் கதவுக்குமான சண்டையாகிவிட்டது. பதினோரு நிமிடம் கழித்து அபாய மணி தானே அடிக்க ஆரம்பித்து, தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. வந்த நால்வரில் ஒருவர் வேட்டைக்காரர். தலையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "நல்ல கடா தாத்தா, என்ன வயசு?" என்று கேட்டார். நான் தார்ப்பாயை இழுத்து மூடினேன்.

அன்று முதல் தலை என் குளியல் தொட்டியில் இருக்கிறது. 1988-இல் அதை வீழ்த்திய மனிதரின் வாரிசுகள், தங்களிடம் தருமுன், அதை எந்த வண்டிக்கூடத்தில் போட்டுவைத்திருந்தார்களோ, கொம்பெல்லாம் எஞ்சின் எண்ணெயும் தூசியும். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். நான்கு நாளாக முகம் கழுவும் தொட்டியில்தான் என் குளியல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

குளிர்காலத்தில் கொம்பு வளராது, நின்று மறுபடி வளரும், நின்ற இடத்தில் ஒரு வளையம் விழும், வளையத்துக்கு ஒரு வயது என்பதெல்லாம் தாங்கள் அறியாதவையல்ல. கொம்பு முழு வட்டம் சுற்றாத கடாவை எட்டு வயதுக்குக் கீழே சுடக்கூடாது என்ற சட்டமும் தாங்கள் அறிந்ததே. எனினும் ஒழுங்குக்காக எழுதி வைக்கிறேன். நேற்று, ஜூலை 8, ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து, நம்மைப் பார்த்து நின்ற அதே இடக்கொம்பின் வளையங்களை மூன்று முறை எண்ணினேன். எட்டு. இந்தக் கடா வீழ்ந்தது 1988 ஆகஸ்டு 19, வெள்ளிக்கிழமை. அன்று எட்டு என்றால் அதற்கு முந்தைய ஆகஸ்டில் ஏழு. பள்ளிக்கூடப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு.

வலக்கொம்பு தொட்டியின் சுவரோடு ஒட்டியிருக்கிறது. திருப்ப என் முழங்கால்கள் இடம் தரவில்லை. தேவையுமில்லை. ஒரே தலையில் முளைத்த இரண்டு கொம்புகள் வெவ்வேறு ஆண்டுகளில் வாழ்ந்திருக்க முடியாது.

இதுவரை நான், 1987-இல் நாம் பார்த்த கடா வேறு, 1988-இல் வீழ்ந்த கடா வேறு என்று வாதாடி வந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாதத்தை இதன் மூலம் எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இடக்கொம்பின் நுனி உடைந்த சாய்வைப் பார்த்தேன். அதே கடாதான். ஐயமே இல்லை. பரிசோதனை அலுவலர் அன்று ஒன்பது என்று எழுதிக்கொடுத்தார் என்பதைத் தாங்கள் சாட்சியாகக் காட்டுவீர்கள். சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்தில் எண்ணியிருப்பார்.

அந்தப் பயணத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்தே வருகின்றன. ஆகஸ்டு 1, சனிக்கிழமை கிளம்பினோம். நாம் வேட்டைக்கு வழிகாட்டி அழைத்துப்போன விருந்தினர் நெப்ராஸ்காவின் திரு. வென்டல் ஹக்கபி, ஊரில் ஈமச்சடங்கு இல்லம் நடத்துபவர், எப்போதும் மெதுவான குரலில்தான் பேசுவார், வேட்டைக்கு இப்படியொரு விருந்தினர் கிடைக்க மாட்டார் என்று நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். மூன்றாம் நாள் முள்ளம்பன்றி வந்து, வேர்வை உப்புக்காக என் சேணத்து வாரைத் தின்றது; அதோடு நிற்காமல் கழிப்பறைப் பலகையில் பாதியையும் தின்றது; ஐந்தாம் நாள் 'பிஷப்' என்ற அந்தக் கிழட்டுக் குதிரை ஆற்று நடுவில் வேண்டுமென்றே படுத்துக்கொண்டு, மாவும் சர்க்கரையும் உப்பும் ஒன்றாகக் கரைந்து, அதற்குப் பிறகு நீ சுட்ட ரொட்டியெல்லாம் பசை மாதிரி இருந்தது; ஏழாம் நாள் பனி கொட்டியது; ஒன்பதாம் நாள் ஹக்கபி ஓடையில் வாய் கொப்பளிக்கப் போய்க் கீழ்ப்பல் செட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டார், நீ நாற்பது கஜம் ஓடையோடு ஓடி, முழங்கை வரை கையை விட்டு, பல் செட்டைத் தூக்கிக் காட்டி, "கடிச்சிருச்சு மச்சான்" என்றாய். மன்னிக்கவும், என்றீர்கள்.

அன்று அடுப்பருகே நீங்கள் ஹக்கபியிடம், என் மச்சானுக்குப் பெட்டி செய்தால் எவ்வளவு நீளம் வேண்டும் என்று விசாரித்ததும், அவர் என்னைத் தலை முதல் கால் வரை தொழில்முறையில் பார்த்துவிட்டு, "ஆறடி ரெண்டங்குலம் போதும். பிடிவாதத்துக்குத் தனியா ஒரு பெட்டி செய்யணும்" என்று தாழ்ந்த குரலில் சொன்னதும் நினைவிருக்கிறதா? வீட்டுக்கு வந்து உங்கள் சகோதரி லூயிஸாவிடம் இதைச் சொன்னபோது அவள் மணி கோர்த்துக்கொண்டிருந்தாள். சிரித்த சிரிப்பில் ஊசி எங்கே விழுந்ததென்று தேடவே எங்களுக்கு அரை மணி நேரமானது.

பதினொன்றாம் நாள் காலை 10.40-க்கு அந்தக் கடா முகட்டில் ஏறி நின்றது. இருநூற்றுப் பத்து கஜம். இடப்பக்கத்தை மட்டும் காட்டி நின்றது. நான் பெரிய தொலைநோக்கியில் எண்ணினேன், ஏழு. நீ சின்னதில், காய்ந்த இறைச்சியை மென்றுகொண்டே எண்ணினாய். ஹக்கபி துப்பாக்கிக்குப் பின்னால் குப்புறப் படுத்தபடி உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மச்சான். சுடச் சொல்லு."

"ஏழு."

"நுனி ஒடைஞ்சிருக்கு பாரு. அதோட ஒரு குளிர்காலமும் போயிருக்கு. ஒடைஞ்சு போனதயும் சேத்துத்தான் எண்ணணும்."

"கண்ணுல படாதத நான் எண்ண மாட்டேன் மாப்ளே."

விருந்தினர் யாருடைய பொறுப்போ அவர் சொல்வதே முடிவு. முதலாளி நீயே ஆனாலும் மலையில் வாய் திறக்கக் கூடாது. இது நம் முகாமின் வழக்கம். ஹக்கபி என் பொறுப்பு. ஆகவே நீ வாயை மூடிக்கொண்டாய். மலையை விட்டு இறங்கியதும் திறந்தாய். அதற்குப் பிறகு மூடவே இல்லை.

ஒரு மணி நாற்பது நிமிடம் அந்தக் கடா நின்றது. பிறகு அதற்கே சலித்துப்போய் அந்தப் பக்கமாக இறங்கிவிட்டது. ஹக்கபி தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, "இவ்வளவு நேரம் யாரும் அவசரப்படாம நான் இருந்ததே இல்ல" என்றார். வெறுங்கையோடு ஊருக்குப் போனார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை வரும். 1996-க்குப் பிறகு வரவில்லை. அந்தப் பத்து அட்டைகளிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'அந்தக் கடாவுக்கு என் அன்பு.' ஏழு வயதுக் கடாவை அவர் சுடாமல் நான் காத்தேன் என்பதே என் ஆறுதல். எட்டு என்றால், ஒரு நல்ல மனிதருக்குச் சேர வேண்டியதை என் கண்ணே தட்டிப் பறித்தது என்றாகிவிடும். தாங்கள் இதை எப்போதாவது யோசித்தீர்களா?

மறு ஆண்டு அந்தத் தலையை உங்கள் விருந்தினர் கொண்டுவந்ததும், நீங்கள் முகாம் முழுவதற்கும் கேட்கும்படி ஒன்பதிலிருந்து ஒன்றைக் கழித்துக் காட்டியதும், நான் 1988 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு வேலையை விட்டு, நெடுஞ்சாலை மராமத்துக் கிடங்கில் இயந்திர உதிரிபாகங்களை எண்ணும் வேலைக்குப் போனதும் பழங்கதை. அங்கே பதினாறு ஆண்டுகள் எண்ணினேன். ஒரு எண்ணிக்கையும் தவறவில்லை. ஜன்னல் வழியே மலை தெரியாது, அதுதான் குறை.

பிறகு நாம் சந்தித்ததெல்லாம் சாவு வீடுகளில்தான். 2009 பிப்ரவரி 14, சனிக்கிழமை, லூயிஸாவை அடக்கம் செய்த அன்று, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. எல்லாரும் போன பிறகு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். ஏதோ ஆறுதல் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். குனிந்து என் காதில், "எட்டு" என்றாய்.

நான் "ஏழு" என்றேன்.

அந்த நாளில் என்னால் அழாமல் சொல்ல முடிந்த ஒரே வார்த்தை அது. இதற்கு நான் இதுவரை நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஆனால் நன்றி வேறு, வளையம் வேறு.

ஆகவே, எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வரும்வரை என் முடிவில் மாற்றமில்லை. தங்கள் இடுப்பைக் கர்த்தர் தாங்குவாராக. தங்கள் முகாமில் மழை பகலில் பெய்யாதிருப்பதாக. குதிரைகள் ஆற்றில் படுக்காதிருப்பதாக. மார்லீனுக்கு என் ஆசீர்வாதம். தங்களை விட ஐந்து வயது மூத்தவன் என்ற முறையில் தங்களுக்கும்.

இப்படிக்கு,
என்றும் ஏழில் உறுதியாக நிற்கும்,
ஆபிரகாம் டூயெக்

பின்குறிப்பு: ஜூலை 11, புதன்கிழமை, பிற்பகல் 4.35. ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன்.

குழாய் வேலைக்காரர் வருகிறார், தொட்டியைக் காலி செய் என்று கட்டட மேற்பார்வையாளர் இன்று காலை சொல்லிவிட்டார். தனியாகத் தூக்க முடியாமல் ஓடெட் அம்மாளைக் கூப்பிட்டேன். பூந்தொட்டிக் கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை, ஆனாலும் வந்தார். நான் இடக்கொம்பைப் பிடித்தேன், அவர் வலக்கொம்பைப் பிடித்தார். சமையல் மேசையில் வைத்தோம். துண்டால் துடைத்துக்கொண்டிருந்தவர், வேலையில்லாத வேலையாக எண்ணியிருக்கிறார் போலிருக்கிறது. "அந்தப் பக்கம் எட்டுன்னுதானே சொன்னீங்க? இந்தப் பக்கம் ஒம்போது இருக்கே" என்றார்.

அவருக்கு எண்ணத் தெரியாது என்று விளக்கினேன். முப்பது வருஷம் வங்கியில் எண்ணியிருப்பதாகச் சொன்னார்.

லூயிஸா மணி கோர்க்கும்போது வைத்துக்கொள்ளும் பூதக்கண்ணாடியை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஐந்து முறை எண்ணினேன். வலக்கொம்பின் நுனி உடையாமல் முழுசாக இருக்கிறது. நுனியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நூல் மாதிரி ஒரு வளையம். அது குட்டியாக இருந்தபோது கழித்த முதல் குளிர்காலம். இடப்பக்கத்தில் உடைந்து போனது அதுதான். ஒன்பது. ஒன்று கழித்தால் எட்டு.

எட்டு, மாப்ளே. தேதியும் கையொப்பமும் கீழே போட்டிருக்கிறேன்.

ஓடெட் அம்மாள் போன பிறகு தொட்டி விளிம்பில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஹக்கபியைப் பற்றி முதல் பத்து நிமிடம் யோசித்தேன். அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. மீதிப் பத்து நிமிடம் நம்மைப் பற்றி யோசித்தேன். முப்பது வருஷம் பதினோரு மாதமாக நமக்குள் இருந்த பேச்சு இது ஒன்றுதான். இதுவும் தீர்ந்துவிட்டால் முகட்டில் போய் உட்கார்ந்து என்ன பேசுவது?

28-ஆம் தேதி விமானத்தில் வருகிறேன். என் எடை எண்பத்தொரு கிலோ, பை பதினான்கு, தலை பன்னிரண்டு. விமானி கேட்பார், மார்லீனிடம் சொல்லிவை. குதிரை குள்ளமாக இருக்கட்டும். பிஷப்பின் வம்சம் வேண்டாம்.

இன்னொன்று. நுனி உடைந்த கடாக்கள் அந்த மலையில் எத்தனையோ உண்டு. நாம் பார்த்த கடாவும் இந்தக் கடாவும் ஒன்றுதான் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. மேலே நான் திரும்பப் பெற்றுக்கொண்டதை, இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதியை முகட்டில் பேசிக்கொள்ளலாம்.

ஆ. டூயெக்
2018 ஜூலை 11